மார்த்தாண்டத்திலிருந்து சென்னைக்கா, பெங்களூருக்கா? சம்பளம், வாடகை, வரி, பயணம் எல்லாம் சேர்த்து ஒரு கணக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்கள் படித்தாலும் விளங்க வேண்டும். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் உங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் ஆண்டுக்கு 9.6 லட்சம் ரூபாய் சம்பளம். குழித்துறையில் ரயில் பிடிப்பதற்காகக் காலை ஆறேகாலுக்கு வீட்டைவிட்டு இறங்கினால் இரவு எட்டேகாலுக்குத்தான் திரும்புகிறீர்கள். இப்போது சென்னை சோழிங்கநல்லூரில் 14.5 லட்சத்துக்கும், பெங்களூரு வெளிவட்டச் சாலையில் 17 லட்சத்துக்கும் வேலை வந்திருக்கிறது. மனைவி மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். மாதம் 24,000 வாங்குகிறார். மகளுக்கு நான்கு வயது. அம்மா ஊரைவிட்டு வர மறுக்கிறார். எந்த ஊர் நல்லது என்றும், அப்பா வைத்துப்போன ரப்பர் விளையை (தோட்டத்தை) விற்று அங்கே ஃப்ளாட் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் தக்கலைக்காரன். சென்னையில் 19 ஆண்டுகள், பெங்களூரில் 4 ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது நாகர்கோவிலில் வருமானவரிக் கணக்குகள் பார்த்துக் கொடுத்து வருகிறேன். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மனைவிக்கு அங்கே வேலை உறுதியான பிறகு, சென்னைக்கு, வாடகை வீட்டுக்குப் போங்கள், விளையை இரண்டு ஆண்டுகளுக்காவது தொடாதீர்கள்.

முதலில் பணக் கணக்கு. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் நிலைக்கழிவு 75,000 ரூபாயையும் சேர்த்து, 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவருக்கு வரி இல்லை. ஆகவே இன்று நீங்கள் வருமானவரி கட்டவில்லை. 14.5 லட்சத்தில் நிலைக்கழிவு போக 13.75 லட்சத்துக்கு வரி போட்டால், 4 சதவீத செஸ் உட்பட 89,700 ரூபாய் வரும். 17 லட்சத்துக்கு அதே முறையில் 1,30,000 ரூபாய். நீங்கள் விசாரித்துச் சொன்ன வாடகைகளையே எடுத்துக்கொள்கிறேன்: மேடவாக்கம் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு மாதம் 22,000, அதாவது ஆண்டுக்கு 2,64,000, பெங்களூரில் அதே அளவு வீடு 33,000, அதாவது ஆண்டுக்கு 3,96,000. வரியையும் வாடகையையும் கழித்துவிட்டுப் பாருங்கள். சென்னையில் கையில் நிற்பது 10,96,300 ரூபாய். பெங்களூரில் 11,74,000 ரூபாய். உங்கள் பங்கு பி.எஃப். உங்கள் சேமிப்புதான் என்பதால் அதைக் கழிக்கவில்லை. ஆனால் இரண்டு நிறுவனங்களும் சொன்ன தொகை சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்றால், நிறுவனத்தின் பங்கு பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீட்டுத் தவணை எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். அவற்றை நீக்கியபின் மாதாமாதம் எவ்வளவு வரும் என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. நிறுவனங்களின் வேலைக் கடிதத்தில் இரண்டரை லட்சமாகத் தெரியும் சென்னை, பெங்களூரு வித்தியாசம், கையில் வந்து சேரும்போது ஆண்டுக்கு 77,700 ரூபாயாக, மாதத்துக்கு ஏறக்குறைய ஆறாயிரத்து ஐந்நூறாகச் சுருங்கிவிடுகிறது. அடுத்ததை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்: சொந்த வீட்டில் இருந்துகொண்டு திருவனந்தபுரத்திலேயே 11 லட்சம் கிடைக்கும் வேலையும், சென்னையில் 14.5 லட்சம் கிடைக்கும் வேலையும் பணத்தளவில் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் இடம் மாறுவதற்கு முன்பு, இப்போதைய நிறுவனத்திடமோ டெக்னோபார்க்கில் வேறு நிறுவனத்திடமோ அந்தத் தொகையைக் கேட்டுப் பார்ப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

அப்படியானால் ஏன் போகச் சொல்கிறேன் என்றால், உங்கள் நேரத்துக்காக. ஒரு நாளில் 14 மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருக்கிறீர்கள். அலுவலகத்துக்கு ஒன்பது மணி நேரம் போனால் மீதி ஐந்து மணி நேரமும் வழியில்தான் கழிகிறது. மாதம் 22 வேலை நாள் என்றால் 110 மணி நேரம். மகள் விழித்திருக்கும்போது நீங்கள் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வாக்கியம் அதுதான். சென்னையில் ஒரு வழிக்கு முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரும்படி வீடு அமைந்தால் அந்த 110 மணி 33 ஆகக் குறையும். ஆனால் வாடகை ஐயாயிரம் குறைகிறது என்று கூடுவாஞ்சேரிக்கோ அதற்கு அப்பாலோ போய்விட்டால், குழித்துறையில் பட்ட பாட்டைத்தான் அங்கேயும் படுவீர்கள். அதற்கு வாடகையும் கொடுப்பீர்கள்.

இனி மனைவியின் வேலைக்கு வருகிறேன். நீங்கள் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். என் பார்வையில் இந்த முடிவுக்கு அதுதான் நடுத்தூண். சென்னைக்குப் போவதால் இப்போதைய 9.6 லட்சத்தைவிட உங்கள் கையில் கூடுவது ஆண்டுக்கு 1,36,300 ரூபாய்தான். அவர் ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தால் போகும் சம்பளம் 1,44,000. ஆக, அவருக்கு வேலை கிடைக்க ஆறு மாதம் தாமதித்தாலே முதல் ஆண்டின் ஆதாயம் முழுவதும் கரைந்துவிடும். அவர் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவர் என்பதால் சென்னையில் அந்தப் பதிவோடே வேலையில் சேரலாம். கர்நாடகத்தில் பணிபுரிய அந்த மாநிலக் கவுன்சிலில் தனியாகப் பதிவு செய்யவேண்டும். அதற்குச் சான்றிதழ் சரிபார்ப்பும் காத்திருப்பும் உண்டு. நம் மாவட்டத்தில் செவிலியர் இல்லாத குடும்பம் அருமை. சென்னை மருத்துவமனைகளிலும் நம் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் மனைவியோடு படித்தவர்களிடம் விசாரித்தாலே எங்கே ஆள் எடுக்கிறார்கள், எங்கே குழந்தைக் காப்பகம் இருக்கிறது என்ற விவரம் ஒரு வாரத்தில் கிடைத்துவிடும்.

வீட்டை உங்கள் அலுவலகத்துக்கு அருகில் பார்க்காமல் அவருடைய மருத்துவமனைக்கு அருகில் பாருங்கள். காரணம் எளிது. நீங்கள் காலை எட்டரைக்குப் போனாலும் ஒன்பதரைக்குப் போனாலும் கேட்பாரில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கவும் இடமிருக்கும். ஷிப்டில் வேலை செய்பவருக்கு அந்த இளக்கம் கிடையாது. காலை ஏழுக்கு வார்டில் பொறுப்பைக் கைமாற்ற வேண்டும். மதிய ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் தனியாகத் திரும்பவேண்டும். மாதத்தில் சில நாள் இரவு முழுவதும் நிற்கவேண்டும். அவர் நடந்தோ ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடத்திலோ வீடு திரும்ப முடிந்தால்தான் இரண்டு ஆண்டு கழித்தும் அந்த வேலையில் இருப்பார். கூடுதல் சம்பளம் யாருக்கோ அவருடைய அலுவலகத்தை ஒட்டி வீடு பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அப்படிப் போன குடும்பங்களில் பெண்கள் ஓராண்டுக்குள் வேலையை விட்டுவிட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சோழிங்கநல்லூர்ப் பக்கத்தின் நிலவமைப்பைத் தெரிந்துகொண்டால் பயணம் ஏன் அங்கே அப்படி இழுக்கிறது என்பது புரியும். பழைய மாமல்லபுரம் சாலைக்கு மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். கிழக்கே பக்கிங்காம் கால்வாய். சதுப்பைக் கடந்து மேற்கிலிருந்து வருவதற்குப் பல்லாவரம் – துரைப்பாக்கம் சாலை, மேடவாக்கம் – சோழிங்கநல்லூர் சாலை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வழிகளே உண்டு. தாம்பரம், வேளச்சேரி, மடிப்பாக்கம் ஆகிய பக்கங்களில் குடியிருப்பவர்கள் எல்லோரும் காலையில் அந்தச் சாலைகளுக்குள்தான் புகுந்தாக வேண்டும். போதாததற்கு மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம் – சிறுசேரி தடம் பழைய மாமல்லபுரம் சாலை வழியாகவும், மாதவரம் – சோழிங்கநல்லூர் தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகவும் வருகின்றன. அந்தப் பணிகள் முடியும்வரை வரைபடத்தில் ஒன்பது கிலோமீட்டர் என்று காட்டுவதை நம்பாதீர்கள். நேரில் போய், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு வீட்டு வாசலிலிருந்து கிளம்பி அலுவலக வாசல் வரையும், மாலை ஆறரைக்கு அதே வழியில் திரும்பியும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஞாயிறன்று புரோக்கர் காரில் அழைத்துச் சென்று காட்டும் வேகம் உங்களுக்கு ஒருநாளும் கிடைக்காது. பெங்களூரு வெளிவட்டச் சாலையிலும் இதே நிலைதான். சில்க் போர்டு முதல் கே.ஆர். புரம் வரையிலான மெட்ரோ தடம் ஓடத் தொடங்கிய பிறகு அந்த ஊரைப் பற்றி நான் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

வீடு பார்க்கும்போது ஒன்றைக் கண்ணால் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம், முடிச்சூர்ப் பக்கங்களில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வீட்டுக்காரர் "இங்கே தண்ணீர் நிற்காது" என்றுதான் சொல்வார். நீங்கள் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மின்மீட்டர் பலகையைப் பாருங்கள். பழைய பலகை இருந்த இடத்தில் நாலு ஆணித் துளைகளும் வெளுத்த சதுரமும் இடுப்பு உயரத்தில் தெரிய, புதுப் பலகை தலைக்கு மேலே ஏறியிருந்தால், அந்தக் கட்டடத்துக்குள் தண்ணீர் வந்திருக்கிறது என்று பொருள். தண்ணீர் மோட்டாரைத் தரையில் வைக்காமல் சிமென்ட் மேடை கட்டி ஏற்றியிருப்பதும் அதே கதையைத்தான் சொல்லும். நான் 2016-இல் வீடு மாறியபோது, சுவரெல்லாம் புதிதாக வெள்ளையடித்திருந்த ஒரு வீட்டின் பரண் அடியில், பழுப்பு நிறத்தில் நேராக ஓடிய கோடு ஒன்று தூரிகை எட்டாமல் அப்படியே நின்றதைப் பார்த்துத்தான் திரும்பி வந்தேன்.

தண்ணீரையும் கேளுங்கள். வீட்டுக் கிணற்றில் வாளி போட்டு இறைத்துப் பழகிய நமக்கு, குளிக்கும் தண்ணீருக்குப் பணம் என்பது முதலில் மனத்தில் ஏறாது. அந்தப் பக்கத்து அடுக்குமாடிகள் பலவும் டேங்கர் லாரியை நம்பியிருப்பவை. 2019 கோடையில் அவர்கள் பட்ட பாடு நாடறிந்தது. பெங்களூரிலும் 2024 கோடையில் அப்படித்தான் ஆனது. ஏப்ரல், மே மாதங்களின் மெயின்டனன்ஸ் ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மற்ற மாத ரசீது உண்மையைச் சொல்லாது. மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்; இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தனி இணைப்பு இருந்தால்தான் உங்களுக்கு வந்து சேரும்.

அட்வான்ஸ் விஷயத்தில், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் சொல்கிறது. பெங்களூரில் பத்து மாத வாடகை கேட்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. 33,000 வாடகைக்கு அது 3.3 லட்சம். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் அங்கே சகஜம். இதையும் அந்த 77,700 ரூபாயிலிருந்து கழித்துப் பார்க்கவேண்டும்.

வரியைப் பற்றி நண்பர்கள் உங்களைக் குழப்பியிருக்கிறார்கள். சென்னை மெட்ரோ நகரம் என்பதால் வீட்டு வாடகைப் படிக்கு 50 சதவீத விலக்கு, பெங்களூருக்கு 40தான், ஆகவே சென்னையில் வரி மிச்சம் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2025-26க்கு அந்த விகிதங்கள் சரிதான். ஆனால் அந்த விலக்கு பழைய வரி முறையில் மட்டுமே கிடைக்கும். அதிலும் மூன்று தொகைகளில் எது குறைவோ அதுதான் விலக்கு: வாங்கும் படி, அடிப்படைச் சம்பளத்தில் 50 அல்லது 40 சதவீதம், கட்டிய வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்த மீதி. உங்கள் அடிப்படைச் சம்பளம் 7.25 லட்சம், படி 3 லட்சம் என்று வைத்துக்கொண்டால் முதல் தொகை 3 லட்சம், இரண்டாவது 3,62,500, மூன்றாவது 1,91,500. மூன்றாவதுதான் நிற்கும். 40 சதவீதமாக இருந்தாலும் 2,90,000 வரும். அப்போதும் மூன்றாவதே நிற்கும். ஆகவே உங்களைப் போன்றவர்களுக்கு ஊரின் பெயரால் ஒரு ரூபாயும் மாறாது. அந்த 1,91,500 ரூபாயோடு 80சி பிரிவுச் சேமிப்பு 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, நிலைக்கழிவு 50,000, தொழில்வரி 2,500 எல்லாவற்றையும் கழித்துப் பழைய முறையில் போட்டுப் பார்த்தேன்: வரி 1,26,672 ரூபாய். புதிய முறையில் 89,700. புதிய முறையையே வைத்துக்கொள்ளுங்கள். தொழில்வரியைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை; எந்த மாநிலமானாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக்கூடாது என்பது அரசியலமைப்பின் வரம்பு.

இனி ஃப்ளாட். 60 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, இருபது ஆண்டு என்றால் மாதத் தவணை 52,000 ரூபாயைத் தாண்டும். அதே வீட்டின் வாடகை 22,000. முதல் ஆண்டில் வட்டிக்கு மட்டுமே ஐந்து லட்சம் போகும். குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குப் புதிய முறையில் கழிவும் இல்லை. மறுவிற்பனை வீடானால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 ஆக 9 சதவீதம், வாங்கிய அன்றே திரும்பி வராத பணம். நான் இதில் அடிபட்டவன். அண்ணா சாலையில் அலுவலகம் இருந்த காலத்தில், பேருந்து ஒன்றே போதும் என்று நம்பி அவசரமாக ஒரு வீட்டை வாங்கினேன். பதினான்கு மாதத்தில் நிறுவனம் அலுவலகத்தைச் சிறுசேரிக்கு மாற்றியது. விற்கவும் மனமில்லாமல், வாடகைக்கு விட்டுவிட்டு வேறு இடம் போகவும் தவணை இடம் கொடுக்காமல், ஆறு ஆண்டுகள் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அலைந்தேன். என் மகனின் பள்ளிக் காலத்தில் பாதி எனக்கு நினைவில் இல்லை. நான் அங்கே இல்லை. வாடகை வீட்டில் இருந்திருந்தால் பதினைந்தாவது மாதமே லாரியில் சாமான் ஏற்றியிருப்பேன்.

ரப்பர் விளையை விற்பதில் வரிச் சிக்கலும் இருக்கிறது. கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்பது பொதுவாகச் சரி. ஆனால் 10,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை உள்ள நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருந்தாலோ, அந்த எல்லையிலிருந்து, மக்கள்தொகை ஒரு லட்சம் வரையானால் 2 கிலோமீட்டருக்குள்ளும், அதைத் தாண்டிப் பத்து லட்சம் வரையானால் 6 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தாலோ அது கிராமப்புற நிலம் ஆகாது. பேரூராட்சிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் நம் மாவட்டத்தில் பல விளைகள் அந்த வளையத்துக்குள்தான் விழும். பத்திரத்தில் விவசாய நிலம் என்று எழுதியிருக்கிறது, மரத்தில் பால் வடிகிறது என்பதெல்லாம் அங்கே போதாது. வளையத்துக்குள் இருந்தால் நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன்பு கைக்கு வந்த நிலம் என்பதால், பணவீக்கத்தைச் சரிக்கட்டி 20 சதவீதம் கட்டும் முறை குறைவாக வருமா என்றும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விற்ற தொகையை இரண்டு ஆண்டுக்குள் வீடு வாங்கப் போட்டால் விலக்கு உண்டு. ஆனால் அந்தக் கெடு உங்களை அவசரப்படுத்தும். ஊர் பிடிபடாமல் அவசரத்தில் வாங்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே எழுதினேன். இரண்டு ஆண்டு வாடகையில் இருந்து, மனைவியின் வேலையும் மகளின் பள்ளியும் நிலைத்த பிறகு விற்றால், அந்தக் கெடு உங்களுக்கு உதவியாக மாறும்.

பெங்களூரைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் சில சின்னச் செலவுகள் உண்டு. டி.என். 75 எண் பலகையோடு இருக்கும் உங்கள் காரை ஓராண்டுக்கு மேல் அங்கே வைத்திருந்தால், மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, கர்நாடகத்துக்குச் சாலைவரி கட்டி மறுபதிவு செய்யவேண்டும். மகள் பள்ளியில் கன்னடம் படிக்கவேண்டியிருக்கும். நான்கு வயதில் அது பாரமல்ல.

கடைசியாக அம்மா. அவர் தனியாக இருக்கப்போகிறார் என்பதால், ஊருக்கு வந்துபோகும் வழியையும் வீட்டு வாடகையோடு சேர்த்து எண்ணுங்கள். பெங்களூரிலிருந்து வரும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பாலக்காடு, எர்ணாகுளம், திருவனந்தபுரம் என்று சுற்றி வருவதால் இரவோடு ஒரு பகலின் பெரும்பகுதியும் போய்விடும். சென்னையிலிருந்து இரவு ஏறினால் காலையில் நம் பக்கம் இறங்கலாம். அனந்தபுரி எக்ஸ்பிரஸ் குழித்துறையிலேயே நிற்கிறது. மேடவாக்கம் பக்கம் வீடு அமைந்தால் தாம்பரத்தில் ரயில் ஏறலாம்; டிக்கெட் கிடைக்காத நாளில் கிளாம்பாக்கத்தில் பேருந்து பிடிக்கலாம். இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, டிசம்பர் 24 அன்று, நீங்கள் மூவரும் ரயில் ஏறவேண்டும் என்றால் அக்டோபர் 25 காலை எட்டு மணிக்கு முன்பதிவுக்குத் தயாராக இருங்கள். வேலையில் சேரும் தேதியை முடிவு செய்யும்போதே அந்த விடுப்பையும் எழுதிக் கேட்டுவிடுங்கள்.